மாட்டுக்கறி வறுவல்: டெக்சாஸிலிருந்து வந்த ஒரு கேள்விக்குப் பதில்

மஞ்சக்குட்டையில் நான்கு நாளாகப் பனி மூட்டம். எதிர் வீட்டு சில்வர் ஓக் மரம்கூடத் தெரியவில்லை. வெளியே போக வழியில்லாததால் உட்கார்ந்து எழுதிவிட்டேன். பதிவு கொஞ்சம் நீளம். அடுப்பில் ஏதாவது வைத்திருந்தால் இறக்கி வைத்துவிட்டு வந்து படியுங்கள்.

அமெரிக்காவில் டெக்சாஸ் மாநிலத்தில் வேலை பார்க்கும் என் பழைய மாணவன் ஒருவன் போன வாரம் தனிச்செய்தி அனுப்பியிருந்தான். "பேரு மட்டும் போடாதீங்க டீச்சர், மத்ததை எழுதிக்கோங்க" என்று அனுமதியும் கொடுத்துவிட்டான். அவன் கேட்டது இதுதான்: "எங்க ஆபீஸ்ல ஆளுக்கு ஒரு பாத்திரம் சமைச்சுக் கொண்டு வரணும் டீச்சர். இங்க பீஃப் சில்லின்னு ஒண்ணு செய்வாங்க, ரெட் ஒயின் வச்சுக்கிட்டு சாப்பிடுவாங்க. நான் நம்ம ஊரு கறி கொண்டு போகப் போறேன். கிறிஸ்துமஸுக்கு உங்க வீட்ல சாப்பிட்டேனே, அதை எப்படிச் செய்றது?"

அதன் கீழே இன்னொரு வரி: "இங்க மூடியைத் திறந்துக்கிட்டே தூக்கிட்டுப் போவேன் டீச்சர். சென்னையில வாடகை வீட்ல இருந்த ஆறு வருஷமும் ஜன்னலைச் சாத்திட்டுதான் குக்கரை வச்சேன்."

முதல் கேள்விக்குப் பதில் அவனுக்கு மட்டும் அனுப்பியிருந்தால் போதும். அந்த இரண்டாவது வரிக்காகத்தான் எல்லோரும் படிக்கும்படி எழுதுகிறேன்.

எழுதப் போகிறேன் என்று தெரிந்ததும் என் தம்பி மகள் போன் செய்தாள். "அத்தை, இதை ஃபேஸ்புக்ல போட்டே ஆகணுமா? எங்க மாமியார் வீட்டு ஆளுங்கெல்லாம் உங்க லிஸ்ட்ல இருக்காங்க" என்றாள். அவள் கவலை எனக்குப் புரிகிறது. "உன் பேர் எங்கேயும் வராதும்மா. ஆனா என் அடுப்புல வேகறதை நான் என் பேர்லதான் எழுதுவேன்" என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். பிறகு, "தேங்காய்ப் பல்லு போடறதை மறக்காம எழுதுங்க" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாள்.

முதலில் அந்த அமெரிக்கச் சில்லியைப் பற்றிக் கொஞ்சம்.

சில்லி என்றதும் நம் பிள்ளைகளுக்கு சேலத்துத் தள்ளுவண்டியில் சிவப்பு நிறப்பொடியும் மக்காச்சோள மாவும் பிசைந்து எண்ணெயில் பொரித்துத் தருவதுதான் நினைவுக்கு வரும். இது வேறு. மாட்டிறைச்சியைத் துண்டு போட்டு, காய்ந்த மிளகாய் விழுது, பூண்டு, சீரகம் சேர்த்து மணிக்கணக்காகக் கொதிக்கவிடும் கெட்டிக் குழம்பு. ஆம், சீரகம்தான். நம் அஞ்சறைப் பெட்டியில் இருக்கும் அதே சீரகம். டெக்சாஸ்காரர்கள் அதில் பயறு போட மாட்டார்கள். மற்ற மாநிலத்துக்காரர்கள் போடுவார்கள். அதற்கு அங்கே பெரிய சண்டையே நடக்கும், இங்கே பிரியாணிக்குச் சீரகச் சம்பாவா பாஸ்மதியா என்று நடப்பதைப் போல.

இந்தக் குழம்பைப் புகழ் பெற வைத்தவர்கள் ஏழைப் பெண்கள். டெக்சாஸில் சான் அன்டோனியோ என்ற ஊரின் சதுக்கங்களில், பொழுது சாய்ந்ததும் மெக்சிக வம்சாவளிப் பெண்கள் விறகடுப்பும் விளக்கும் வைத்து இதை விற்றார்கள். சில்லி ராணிகள் என்று அவர்களுக்குப் பெயர். 1893இல் சிகாகோவில் நடந்த உலகக் கண்காட்சியில் சான் அன்டோனியோ சில்லிக்கென்று தனிக் கடை போடும் அளவுக்குப் பேர் வாங்கியது. ஆனால் சமைத்த பெண்களை என்ன செய்தார்கள்? 1930களில் சுகாதார விதிகளைக் காட்டிச் சதுக்கங்களிலிருந்து அவர்களை அப்புறப்படுத்தினார்கள். அதற்குப் பிறகு 1977இல் டெக்சாஸ் சட்டமன்றம் அதே குழம்பைத் தங்கள் மாநில உணவாக அறிவித்தது.

வரிசையைக் கவனியுங்கள். ஏழை சமைத்தால் அசுத்தம். அதையே எல்லோரும் சாப்பிட ஆரம்பித்தால் பெருமை.

நம் ஊரில் நாம் இன்னும் அந்த முதல் பாதியில்தான் நிற்கிறோம். 2022 மே மாதம் ஆம்பூரில் மூன்று நாள் பிரியாணித் திருவிழா நடத்தப்போவதாகத் திருப்பத்தூர் மாவட்ட நிர்வாகம் அறிவித்தது. ஆம்பூரில் மாட்டுக்கறி பிரியாணி விற்காத தெரு உண்டா? ஆனால் திருவிழாவில் அதற்கு இடமில்லை. எதிர்ப்பு எழுந்தது. மாநில ஆதிதிராவிடர் பழங்குடியினர் ஆணையம் விளக்கம் கேட்டது. கடைசியில் மழையைக் காரணம் காட்டித் திருவிழாவே தள்ளி வைக்கப்பட்டது. ஊரின் பெயரைச் சுமக்கும் பிரியாணியில் ஒரு பங்கை மட்டும் ஒளித்து வைக்கப் பார்த்ததால் வந்த வினை.

"தமிழனுக்கு இது பழக்கமே இல்லை" என்று சொல்பவர்கள் அகநானூற்றின் 309ஆம் பாடலைப் படித்துப் பார்க்கட்டும். மழவர்கள் வேப்ப மரத்தடியில் கொழுத்த பசுவைப் பலியிட்டு, அந்த இறைச்சியை வேகவைத்துத் தின்றது அதில் இருக்கிறது. எல்லோரும் சாப்பிட வேண்டும் என்று இதைச் சொல்லவில்லை. மாட்டை வீட்டுப் பிள்ளையாக நினைத்து, பொங்கலுக்குப் பொட்டு வைத்துக் கும்பிடும் குடும்பத்துப் பிள்ளைகள் எத்தனையோ பேர் என்னிடம் படித்தார்கள். இதைப் படிக்கும்போது அவர்களில் சிலருக்கு முகம் சுளிக்கலாம். அவர்கள் சாப்பிடாமல் இருப்பதை நான் மதிக்கிறேன். சாப்பிடுகிறவன் ஜன்னலைச் சாத்த வேண்டியதில்லை, அவ்வளவுதான்.

வேலையில் இருந்தபோது நான்காம் வகுப்புக்கு உணவுப் பாடம் எடுப்பேன். புரதம் எதில் இருக்கிறது என்று பிள்ளைகளையே சொல்லச் சொல்லி, அவர்கள் சொல்லச் சொல்லக் கரும்பலகையில் எழுதுவேன். ஒரு வருடம் பருப்பு, முட்டை, மொச்சை, கோழிக்கறி என்று வந்துகொண்டிருந்தது. கடைசி வரிசையில் ஒரு பெண் பிள்ளை எழுந்து "கறி" என்றாள். "என்ன கறி?" என்று பக்கத்துப் பையன் கேட்டுவிட்டுச் சிரித்தான். அந்தப் பிள்ளை தலையைக் குனிந்துகொண்டாள். நான் எதுவும் பேசாமல் பலகைப் பக்கம் திரும்பி ஆட்டுக்கறி, மாட்டுக்கறி, பன்றிக்கறி, மீன், நண்டு, நத்தை என்று வரிசையாக எழுதினேன். எல்லாம் ஒரே சாக்பீஸ், ஒரே அளவு எழுத்து. "எல்லாத்தையும் நோட்டுல எழுதுங்க" என்றேன். எழுதினார்கள்.

மறுநாள் ஒருவர் வந்து, "டீச்சர், இதையெல்லாமா பிள்ளைங்களுக்குச் சொல்லித் தருவீங்க?" என்று கேட்டார். "இதுல எதுலங்க புரதம் இல்ல?" என்று நான் கேட்டேன். அவரிடம் பதில் இல்லை. ஆசிரியப் பயிற்சியில் எங்களுக்குச் சொல்லிக் கொடுத்த முதல் பாடம், தெரிந்ததிலிருந்து தெரியாததற்குப் போ என்பது. பிள்ளைக்குத் தெரிந்தது அதன் வீட்டு அடுப்பு. அதை வெளியே நிறுத்திவிட்டு எந்தப் பாடத்தைத் தொடங்குவது?

சரி, சமையலுக்கு வருவோம். தம்பி, பேனாவை எடுத்துக்கொள்.

கறி வாங்குவதில்தான் பாதிச் சமையல் இருக்கிறது. எங்கள் அம்மா காலத்தில் ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வரும்போது கறியைக் கூறு கூறாக வைத்து விற்பார்கள். இலையில் கட்டித் தருவார்கள். அம்மா கொழுப்பில்லாத கூறைத் தொடவே மாட்டார். நீயும் முன்னந்தோள் பக்கத்துச் சப்பைக்கறியாகக் கேட்டு வாங்கு. அங்கே அதைச் 'சக்' என்பார்கள். மாடு நடந்து நடந்து உழைத்த தசை அது. கடினமாகத்தான் இருக்கும். அந்தத் தசையை இழுத்துக் கட்டி வைத்திருப்பது கொலாஜன் என்ற புரதம். நிதானமாக வேகவைத்தால் அது கரைந்து ஜெலட்டின் ஆகிவிடும். குழம்பு விரலில் ஒட்டுகிறதே, அது அந்த ஜெலட்டினால்தான். விலை உயர்ந்த மென்மையான கறியில் இந்தச் சுவை வராது. அவசரப்படுகிறவனுக்கும் வராது.

இங்கே ஒரு அறிவியல் பாடம். ஏற்காடு கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரம். உயரம் கூடினால் காற்றழுத்தம் குறையும். அழுத்தம் குறைந்தால் தண்ணீர் சீக்கிரமே கொதித்துவிடும். நம் மலையில் தண்ணீர் சுமார் 95 டிகிரி செல்சியஸில் கொதிக்கும். கீழே சேலத்தில் 99 டிகிரி. கொதிக்கிறது என்று பார்த்தால் கொதிக்கிறது, ஆனால் சூடு குறைவு. அதனால்தான் மலையில் திறந்த பானையில் கறி வேக இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகிறது. கீழிருந்து கட்டிக்கொண்டு வந்த மருமகள்கள் முதல் வருடம் "கறியே வேகல" என்று புலம்புவது இதனால்தான். அவர்கள் கைப்பக்குவத்தைக் குறை சொல்லாதீர்கள். குக்கர் இந்தச் சிக்கலைத் தீர்த்து வைத்தது. நீ இருக்கும் ஊர் சமவெளி என்பதால் உனக்கு இந்தக் கவலை இல்லை.

ஒரு கிலோ கறிக்குக் கணக்கு:

சின்ன வெங்காயம் 300 கிராம். பூண்டு 20 பல். இஞ்சி 50 கிராம். மிளகு 2 மேசைக்கரண்டி. காய்ந்த மிளகாய் 5. மல்லி விதை 3 மேசைக்கரண்டி. சீரகம் 2 தேக்கரண்டி. சோம்பு 1 தேக்கரண்டி. பட்டை 2 துண்டு, கிராம்பு 4. மஞ்சள்தூள் 1 தேக்கரண்டி. பல்லு பல்லாகக் கீறிய தேங்காய் ஒரு கைப்பிடி. கறிவேப்பிலை 3 கொத்து. கடலை எண்ணெய் 4 மேசைக்கரண்டி. உப்பு.

கறியை இரண்டு விரல் அகலத் துண்டுகளாக நறுக்கு. மஞ்சள்தூள், உப்பு, இடித்த இஞ்சி பூண்டில் பாதி சேர்த்துப் பிசறி ஒரு மணி நேரம் வை. கறி முற்றலாக இருந்தால் ஒரு தேக்கரண்டி பச்சைப் பப்பாளி விழுது சேர்க்கலாம். அதிலிருக்கும் பப்பெய்ன் தசை நாரை இளக்கும். அதிகம் போட்டால் கறி மாவாகிவிடும், ஜாக்கிரதை.

பிறகு குக்கரில் ஒரு டம்ளர் தண்ணீர் விட்டு மூடு. முதல் விசில் வந்ததும் தீயைக் குறைத்து 25 நிமிடம். குக்கர் தானாக அடங்கட்டும். அடக்கம் தெரியாதவன் சமைத்த கறி பல்லில் மாட்டும் என்று அம்மா சொல்வார். குக்கருக்கும் அது பொருந்தும்.

அது வேகிற நேரத்தில் மல்லி, மிளகாய், சீரகம், சோம்பு, பட்டை, கிராம்பு, ஒன்றரைக் கரண்டி மிளகு ஆகியவற்றை வெறும் வாணலியில் வாசம் வரும்வரை வறுத்து, கரகரப்பாகப் பொடி செய். நைசாக அரைக்காதே. மீதி அரைக் கரண்டி மிளகை அம்மியிலோ உரலிலோ ஒன்றிரண்டாகத் தட்டித் தனியாக வை. அது கடைசியில் சேரும்.

இரும்பு வாணலியில் எண்ணெய் விட்டுத் தேங்காய்ப் பல்லை முதலில் பொன்னிறமாக வறுத்து எடுத்துவிடு. அதே எண்ணெயில் வெங்காயம், மீதி இஞ்சி பூண்டு, இரண்டு கொத்துக் கறிவேப்பிலை. வெங்காயம் சுருண்டு நிறம் மாறியதும் பொடியைப் போட்டு அரை நிமிடம் புரட்டு. வெந்த கறியை அதன் சாறோடு கொட்டு. இனித்தான் பொறுமை வேண்டும். சின்னத் தீயில் 40 நிமிடம் சாறு சுண்டச் சுண்டக் கிளறிக்கொண்டே இரு. கறியின் கொழுப்பு பிரிந்து எண்ணெயாக ஓரத்தில் மினுங்கும். கறுப்பு நிறம் ஏறும். அப்போது தட்டிய மிளகையும் தேங்காயையும் கடைசிக் கறிவேப்பிலையையும் போட்டு இறக்கு. அமெரிக்கர்களுக்குக் குழம்பாக வேண்டும் என்றால் 20 நிமிடத்திலேயே இறக்கிவிடு. ஆனால் இதை முதல் நாள் செய்து மறுநாள் சூடாக்கிச் சாப்பிட்டுப் பார். சுவை கூடியிருக்கும்.

மிளகாய் ஏன் ஐந்தே ஐந்து, மிளகு ஏன் இவ்வளவு என்று கேட்பாய். ஒரு காரணம் நம் மலை. இங்கே மிளகுக் கொடி ஏறாத சில்வர் ஓக் மரமே கிடையாது. மிளகாயோ அமெரிக்கக் கண்டத்தில் பிறந்து, போர்ச்சுகீசியர் வழியாக நம்மிடம் வந்தது. அதற்கு முன் நம் காரம் மிளகும் திப்பிலியும்தான். மிளகைப் போலக் காரம் உள்ள காய் என்பதால் மிளகாய் என்று பெயர் வைத்துச் சேர்த்துக்கொண்டோம். வந்த காய்க்கு இங்கே பெயரும் இடமும் கிடைத்தது.

இன்னொரு காரணம் நீ கேட்ட சிவப்பு ஒயின்.

சிவப்பு ஒயினில் துவர்ப்பு உண்டு. திராட்சைத் தோலிலும் விதையிலும் உள்ள டானின் அது. கடுந்தேநீர் குடித்தால் நாக்கு வறளுமே, அதே வேலைதான். கறியில் உள்ள புரதமும் கொழுப்பும் அந்தத் துவர்ப்பைத் தணிக்கும். மாட்டுக்கறிக்குச் சிவப்பு ஒயின் பொருந்துகிறது என்று சொல்வதன் அடிப்படை இதுதான். ஆனால் மிளகாய் அதிகமானால் கதை மாறிவிடும். மிளகாயின் காரம் வாயில் சூட்டை உணரும் நரம்புகளைத் தூண்டுகிறது. சாராயமும் அதே நரம்புகளைத்தான் தூண்டுகிறது. இரண்டும் சேர்ந்தால் வாய் எரியும், ஒயினின் வாசமும் தெரியாது, கறியின் ருசியும் தெரியாது. அதனால் மிளகாயைக் குறைத்து, மிளகைக் கூட்டி, ஒயினில் துவர்ப்பும் சாராய அளவும் குறைந்ததாகப் பார்த்து வாங்கு. கபர்நே சாவிஞான் இதற்குக் கொஞ்சம் முரடு. பினோ நுவார் போன்ற மெல்லிய வகை பொருந்தும் என்று ஒயின் தெரிந்த என் இன்னொரு மாணவி சொல்கிறாள். அவளுடைய கணக்கு டீச்சர் நான், இந்த விஷயத்தில் அவள் எனக்கு டீச்சர்.

எங்கள் வீட்டில் இதையெல்லாம் யாரும் கணக்குப் பார்த்ததில்லை. கிறிஸ்துமஸுக்கு முன் பன்னீர் திராட்சையைச் சீனி, பட்டை, கிராம்போடு பீங்கான் சாடியில் ஊறவைத்து, வாயைத் துணியால் கட்டி, தினமும் மரக்கரண்டியால் கிளறி, மூன்று வாரம் கழித்து அம்மா வடிகட்டுவார். இனிப்பாக இருக்கும். பெரியவர்களுக்குச் சின்ன டம்ளரில் பாதி. அந்த இனிப்பு மிளகின் காரத்தை அணைத்துவிடும். கம்பம் பள்ளத்தாக்கில் விளையும் அந்தப் பன்னீர் திராட்சையை 1832இல் தமிழ்நாட்டுக்குக் கொண்டுவந்தவர் ஒரு பிரெஞ்சுப் பாதிரியார் என்பார்கள். 2023இல் அதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. இப்போது உரிமம் இல்லாமல் வீட்டில் ஒயின் தயாரிப்பது சட்டப்படி குற்றம். அதனால் நான் செய்வதில்லை, யாரும் அளவு கேட்டு எழுத வேண்டாம்.

ஒயின் என்ன வெள்ளைக்காரன் பழக்கம் என்று ஒரு உறவினர் கட்டாயம் கேட்பார். பாண்டியன் நன்மாறன் யவனர் கொண்டுவந்த மதுவை அருந்தி மகிழட்டும் என்று நக்கீரர் வாழ்த்துவது புறநானூற்றில் 56ஆம் பாடல். புதுச்சேரி பக்கத்து அரிக்கமேட்டில் அந்த மது வந்த ரோமானியச் சாடிகளின் உடைசல்களைத் தோண்டி எடுத்திருக்கிறார்கள். இரண்டாயிரம் வருடத்துக்கு முன்பே கறியும் வந்துவிட்டது, கப்பலில் ஒயினும் வந்துவிட்டது.

இதைச் சொல்லும்போதே மற்றதையும் சொல்லிவிடுகிறேன். குடியால் அழிந்த குடும்பங்களை இந்த மலையில் நான் நிறையப் பார்த்திருக்கிறேன். பரீட்சைக் கட்டணம் கட்ட வைத்திருந்த காசு சாராயத்துக்குப் போன வீட்டுப் பிள்ளைகள் என் வகுப்பில் உட்கார்ந்திருந்தார்கள். குடிக்காதவர்கள் இந்தப் பதிவைச் சாக்கு வைத்து ஆரம்பிக்க வேண்டாம். இந்த வறுவலுக்கு ஒயினை விடப் பொருத்தமானது ஒன்று உண்டு. நம் மலைக் காப்பிக்கொட்டையைக் கறுக்க வறுத்து இடித்துப் போட்ட, பால் இல்லாத கருப்பட்டிக் கடுங்காப்பி. என் ஓட்டு அதற்குத்தான். சர்க்கரை, ரத்த அழுத்தம், கொழுப்பு என்று மாத்திரை போடும் என் வயதுக்காரர்கள் நான்கு துண்டோடு நிறுத்திக்கொள்ளுங்கள். நானும் அப்படித்தான்.

தம்பி, நீ இதை எடுத்துக்கொண்டு போகும்போது பாத்திரத்தின் மேல் பெயர் எழுதி ஒட்டுவார்கள் அல்லவா? 'இந்தியன் சில்லி' என்று எழுதாதே. 'ஏற்காடு மாட்டுக்கறி வறுவல்' என்று எழுது. அவர்களுக்கு வாயில் நுழையாவிட்டால் பரவாயில்லை, சொல்லிக் கொடு.

மற்றவர்களுக்கு ஒரு வீட்டுப்பாடம். உங்கள் வீட்டில் அம்மாவோ ஆயாவோ செய்து, வெளியே சொல்லாமல் சாப்பிட்ட ஒரு சாப்பாடு இருக்கும். நத்தையோ, ஈசலோ, ரத்தப் பொரியலோ, கருவாடோ, எதுவானாலும் சரி. அதன் பெயரையும் செய்முறையையும் அவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுதி வையுங்கள். எனக்கும் அனுப்புங்கள். எழுத்துப் பிழை இருந்தால் திருத்தித்தான் தருவேன், அந்தப் பழக்கம் போகவில்லை.

அன்புடன்,
உங்கள் டீச்சர்,
மஞ்சக்குட்டை